பிளேனைத் தள்ளி விடுற ஆக்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் மகளப் பாக்க கட்டாருக்குப் போகக்குள்ள கட்டுநாயக்கா எயார்போர்ட்டுல ஜன்னல் சீட்டுல இருந்து, வெளிக்கிட முன்னம் பிளேனப் பின்னுக்குத் தள்ளி எடுக்கிறதப் பார்த்தன், அத எழுதாம இருக்க ஏலாம இருக்கு. பிளேன்ட சில்ல இஞ்சின் சுத்துறல்ல, காத்தப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னுக்குப் போகும். இஞ்சினால பின்னுக்கு எடுக்கவும் ஏலும்தான், ஆனா மண்ணு கல்லெல்லாம் பறந்து இஞ்சினுக்குள்ளயே போயிரும், பைலட்டுக்கு பின்னுக்கு ஒண்டும் தெரியவும் மாட்டா, அதாலதான் டிராக்டர் மாதிரி ஒரு வாகனம் முன்சில்லப் பிடிச்சித் தள்ளுது.

கொட்டுற மழைக்குள்ள ஹெட்செட் போட்ட ஒரு தம்பி கூடவே நடந்து வந்தார். தள்ளி முடிஞ்ச மறுகா முன்சில்லுல இருந்து ஒரு பின்னக் கழட்டி, அதுல தொங்குற சிவப்புத் துணிய பைலட்டுக்குத் தெரியிற மாதிரி உயர்த்திக் காட்டினார். அந்தப் பின் இருக்கிற வரைக்கும் பைலட்டால முன்சில்லத் திருப்ப ஏலா. அது இல்லாம தள்ளக்குள்ள சில்லு திரும்பினா வாகனத்தையும் முன்சில்லையும் சேர்க்கிற கம்பி அடிச்சி நிக்கிறவர்ட காலே போயிரும்.

இந்த நேரத்திலதான் எங்கட ஆக்கள் சிலர் பெல்ட்டக் கழட்டிட்டு எழும்பி மேல பேக் எடுக்கிறாங்க, சடாரெண்டு பிரேக் புடிச்சா என்ன கதி? எனக்கு நெஞ்சு பதறிட்டு. தயவு செஞ்சி இருங்க.

மட்டக்களப்பு, அம்பாறைப் புள்ளைகளுக்கு இந்த வேலைய படிப்பிக்க ஒரு கோர்ஸ் இஞ்சயே தொடங்கினா நல்லம், இதப்பத்தி உங்கட பேப்பர்ல எழுதுங்க.

வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி