வேதத்தில் உள்ள வியாபாரக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் பெருக வேண்டும் என்று ஜெபிக்கிற கிறிஸ்தவ வியாபாரிகளுக்குப் பிரசங்க மேடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வாக்குத்தத்த வசனங்களே. ‘நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன்வாங்காதிருப்பாய்’ என்ற உபாகமம் 28:12 கல்லாப்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. மூன்று அதிகாரம் முன்னால், 25:13-இல் இருக்கிற எடைக்கல் சட்டத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. வேதம் வியாபாரத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் எடை, கூலி, பத்திரம், பிணை என்று கணக்குப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே போகாமல் ஆசீர்வாதத்தை மட்டும் கேட்பதால் நேரும் கோளாறுகளைப் பற்றியே இந்தக் கடிதம்.

முதலில் தசமபாகம். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அன்றாட விற்பனையில் பத்தில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சரக்கு வாங்கப் பணமில்லையே என்று திகைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். விற்பனை 100 பங்கு. அதில் சரக்கின் அடக்கவிலை 80. வாடகை, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 12. கையில் நிற்பது 8. நூறுக்குப் பத்து என்று காணிக்கை எடுத்தால், ஒவ்வொரு நூறு விற்பனைக்கும் போட்ட முதலிலிருந்தே 2 கரைகிறது. குடும்பச் செலவு அதற்கும் மேலே. அந்த இரண்டு யாருடைய பணம்? சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவருடையது. உபாகமம் 14:22 தசமபாகம் கேட்பது வயலில் விளைந்த பலனில். கடைக்காரருக்கு விளைச்சல் அந்த எட்டுதான், தசமபாகம் 0.8. கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால் மிச்சமுள்ள 7.2-லிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரி விற்பனைத் தொகையோடு கலந்திருந்தால் அதையும் முதலில் பிரித்துவிட வேண்டும். அது இராயனுடையது, அதாவது அரசாங்கத்துடையது, காணிக்கைப் பெட்டிக்கு உரியதல்ல. கடன் வாங்கிய தொகையை ‘விதை’ என்று காணிக்கையாகப் போடச் சொல்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வட்டியை யார் கட்டுவது?

அடுத்தது கூலி. உபாகமம் 24:15 பொழுதுபோகுமுன்னே கூலியைக் கொடுக்கச் சொல்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. சரக்கு கொடுத்தவர் பத்து நாள் பொறுப்பார், வேலை செய்தவர் வீட்டு அடுப்பு பொறுக்காது. சம்பளம் தாமதமாவதற்குக் கல்நெஞ்சம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மாதக் கடைசியில் தரும் தொகையை நம்பிச் சம்பளத் தேதி வைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். அவர் இழுத்தால் சம்பளமும் இழுபடும். இதற்கு வழி எளிது. வாரந்தோறும் மொத்த மாதச் சம்பளத்தில் கால்பங்கை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நான்கு வாரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிடும். மாதத்தில் மிஞ்சுகிற இரண்டு மூன்று நாள் அவகாசமாக நிற்கும். அந்தக் கணக்கின் பணத்தைச் சரக்குக்குத் தொடக்கூடாது. முதலாளியின் சொந்த எடுப்பு வரிசையில் கடைசி. ‘வயலில் அதை ஒழுங்காக்கி, பின்பு உன் வீட்டைக் கட்டு’ என்ற நீதிமொழிகள் 24:27-இன் வரிசையும் அதுதான். லாபம் நன்றாக வரும் மாதங்களில், யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்ததுபோல, லாபத்தில் ஐந்தில் ஒன்றை ஒதுக்கி, மூன்று மாத நிலையான செலவுக்கு ஆகும்வரை சேர்க்கலாம். விளைச்சல் செழித்த அந்த ஏழு வருஷமும் யோசேப்பு களஞ்சியத்தைத்தான் நிரப்பினான்.

இனி பத்திரம். சபைச் சகோதரர்கள் இருவர் கூட்டுத்தொழில் தொடங்கும்போது ‘நமக்குள் எதற்கு எழுத்து’ என்பார்கள். எரேமியா 32-ஆம் அதிகாரத்தை அவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். விற்பவன் சொந்த உறவினன் அனாமெயேல். வாங்கச் சொன்னவர் கர்த்தர். இவ்வளவு இருந்தும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். தெய்வ வாக்கு இருக்கிறதே என்று ஒரு படியைக்கூட அவர் தாண்டவில்லை.

கூட்டுப் பத்திரத்தில் குறைந்தது இவை இருக்கட்டும்: யார் எவ்வளவு முதல் போட்டார், யார் நேரில் வேலை செய்கிறார், அவருக்கு லாபப்பங்கு போகச் சம்பளம் எவ்வளவு, நஷ்டம் எந்த விகிதத்தில், ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. சண்டை பெரும்பாலும் வருவது இரண்டாவதிலும் நான்காவதிலும். ஒருவர் பணம் போட்டு வீட்டிலிருக்க, மற்றவர் காலை முதல் இரவு வரை கடையில் நிற்பார். லாபத்தைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். இரண்டாம் வருஷத்தில் கடையில் நிற்பவருக்குக் கசக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ஜெபக்கூட்டத்திலும் பேச்சு நின்றுவிடும்.

பிணைக் கையெழுத்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத்தொகையும் பிணை நின்றவர் தலையில் விழலாம். படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நீதிமொழிகள் 22:27 மறைக்காமல் சொல்கிறது. உதவ மனமிருந்தால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

எடைக்கல்லுக்கு வருகிறேன். ‘உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்.’ வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல். இன்று கல் போய் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஏமாற்று இடம் மாறியிருக்கிறது. டப்பாவின் எடையைக் கழிக்காமல் பொருளோடு சேர்த்து நிறுப்பது ஒன்று. விலையை அப்படியே விட்டுப் பொட்டலத்தின் அளவை மட்டும் சுருக்குவது இன்னொன்று. ஆமோஸ் 8:5 சொல்கிற ‘மரக்காலைக் குறைத்து’ என்பது இதேதான். விலையை ஏற்ற வேண்டியிருந்தால் கண்ணெதிரே ஏற்றலாம், அதில் பாவமில்லை. தராசை, கடை திறந்ததும் முத்திரையிட்ட எடைக்கல்லால் சோதியுங்கள்: வெறுந்தட்டில் பூஜ்யம் நிற்கிறதா, தாங்கும் எடையில் பாதியளவிலும் முழுமைக்குப் பக்கத்திலும் சரியாகக் காட்டுகிறதா, கல்லைத் தட்டின் மூலைகளில் நகர்த்தினால் எண் மாறுகிறதா. சாய்ந்த மேசை, தட்டின் அடியில் சேர்ந்த தூசி, நேர்மேலே சுழலும் மின்விசிறி, இறங்கிப்போன பேட்டரி ஆகிய நான்கும் நேர்மையானவரையும் கள்ளத்தராசுக்காரராக்கிவிடும்.

‘உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்’ என்ற நீதிமொழிகள் 27:23-க்குக் கடையில் பொருள் சரக்கெண்ணிக்கை. மாதம் ஒருமுறை கையால் எண்ணி ஏட்டோடு ஒப்பிட வேண்டும். கூடவே வரவேண்டிய பாக்கியை 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கும் மேல் என்று பிரித்து எழுதினால், எந்தச் சகோதரருக்குக் கடன் சரக்கை நிறுத்த வேண்டும் என்பது தானே தெரியும். ஒரு சங்கடம்: ஓய்வுநாள் என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே வேலையாட்களை வைத்துச் சரக்கு எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். யாத்திராகமம் 20:10 வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மிருகஜீவனையும்கூட அந்த ஓய்வுக்குள் சேர்த்திருக்கிறது. எண்ணுவதற்கு ஒரு வேலைநாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கடையை மூடுங்கள். அந்த இரண்டு மணிக்கும் கூலி உண்டு.

இப்படிக்கு,
சிறு வியாபாரிகளின் கணக்கு எழுதும் வாசகர்கள்