குழாய்த் துண்டும் சுற்றுச்சூழல் தொழில்நுட்பமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் என்றதும் சூரியத் தகடுதான் பேசப்படுகிறது. சூரிய மின்பம்பு பகல் முழுக்க ஓடி நிலத்தடி நீரை வற்றவைத்தால் அதை எப்படி அந்தக் கணக்கில் சேர்ப்பது? டெல்டாவில் அந்தப் பெயருக்குத் தகுதியானது, நெல் வயலில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் துளையிட்ட பிவிசி குழாய்த் துண்டு.

30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்த 15 செ.மீ. மண்ணுக்குள் இறங்கும்படி பதித்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, குழாயின் அடிக்கு நீர் இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்சினால் போதும். இடையில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதால், நீர் தேங்கிய சேற்றில் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடவே கூடாது, பதர் கூடிவிடும்.

நம் களிமண்ணில் துளைகள் அடைபடும். வயல் காய்ந்த பிறகும் குழாய்க்குள் நீர் நிற்கும். பார்ப்பவர் ஏமாந்து பயிரை வாடவிடுவார். வலைத்துணி சுற்றிப் பதிப்பது நல்லது. மேட்டிலும் வரப்பை ஒட்டியும் வைத்தால் அளவு தவறும். வேதாரண்யம் பக்கத்து உவர் நிலத்துக்கு இது ஆகாது, உப்பு மேலேறும். முறை வைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில் ஆழ்துளைக் கிணறு இருந்தால்தான் துணிந்து காயவிடலாம்.

விதை நெல்லோடு இந்தக் குழாயையும் வேளாண் துறை மானியத்தில் தர வேண்டும்.

வாசகர்,
மன்னார்குடி