குதிரைத்திறனை மட்டும் பார்த்து எஞ்சின் தேர்ந்தெடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் உயர்ரக செடான் கார்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை வந்திருந்தது. விலை, குதிரைத்திறன், 0–100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து கார்களை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்து வாசகர் ஒருவர் அந்த வரிசையை நம்பி 70, 80 லட்சம் ரூபாயைப் போட்டால், தன் ஓட்டத்துக்குப் பொருந்தாத எஞ்சினை வாங்கிவிட வாய்ப்பு அதிகம். ஆகவே எஞ்சின் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் இந்த வகைக் கார் ஏறக்குறைய 2,000 கிலோ இருக்கும். ஏற்காடு சாலையின் சராசரி ஏற்றத்தை 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மேலே போக சக்கரங்களுக்குத் தேவைப்படுவது வெறும் 21 குதிரைத்திறன். சமதளமான நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க 20 போதும். மீதி இருநூறும் முந்நூறும் பயன்படுவது, லாரியை முந்தும் சில விநாடிகளிலும் வளைவிலிருந்து வெளியேறி வேகம் பிடிக்கும்போதும்தான். அந்த நேரத்தில் எஞ்சின் எந்தச் சுழற்சியில் இருக்கிறது, அங்கே எவ்வளவு டார்க் (சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை) கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கார் 15 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும், எஞ்சின் 1,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) அருகே இருக்கும். பழைய பி.எம்.டபிள்யூ. எம்5-இல் (இ60) இருந்த 5 லிட்டர் வி10 (‘வி’ வடிவில் பத்து சிலிண்டர்) எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 507 குதிரைத்திறன் என்பதைக் கேட்டு இன்றைக்கும் பலர் சொக்கிப்போவார்கள். ஆனால் அதன் உச்ச டார்க்கான 520 நியூட்டன் மீட்டர் 6,100 ஆர்.பி.எம்.மில்தான் வரும். ஏற்காட்டு வளைவுகளில் அந்தச் சுழற்சிக்குப் போக இடமே கிடையாது. அதே நிறுவனத்தின் இன்றைய எம்340ஐ காரில் உள்ள 3 லிட்டர் டர்போ எஞ்சின் (வெளியேறும் புகையால் சுழலும் டர்பைன் மூலம் காற்றை நெருக்கி உள்ளே தள்ளுவது) அதைவிடச் சிறியது. 500 நியூட்டன் மீட்டரை 1,900 ஆர்.பி.எம்.மிலேயே கொடுத்து 5,000 வரை அப்படியே வைத்திருக்கும். பி.எம்.டபிள்யூ. 330 காரில் வரும் 2 லிட்டர் டர்போ எஞ்சின்கூட 400 நியூட்டன் மீட்டரை 1,550-இலேயே தந்துவிடுகிறது. மலையில் இவை இரண்டும் அந்த வி10-ஐவிடச் சுலபமாக ஏறும்.

உயரமும் ஒரு காரணம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது. மலையின் குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், டர்போ இல்லாத எஞ்சின் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் இழக்கும். டர்போ இருந்தால் வேஸ்ட்கேட் (மிகைப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) கூடுதலாக மூடிக்கொண்டு, டர்பைன் இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையை நிரப்பிவிடும். ஆனால் அப்படி நெருக்கப்படும் காற்று கூடுதலாகச் சூடேறும். அந்தச் சூட்டை வெளியேற்றுகிற இன்டர்கூலர் திறமையாக இல்லாவிட்டால், நாக்கிங்கை (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) உணரும் நாக் சென்சார் எச்சரிக்கும்; எஞ்சின் கணினி இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். அட்டவணையில் அச்சிட்ட குதிரைத்திறன் அப்போது சாலையில் இருக்காது.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் இதுதான் பெரிய பிரச்சினை. பகலில் 40 டிகிரி, அது போதாதென்று ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரின் சூடும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கார்களின் முகப்பில் கண்டன்சர், குளிர்விப்பு ரேடியேட்டர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இடையே பூச்சியும் பஞ்சும் லாரித் தூசியும் அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்கும் முன் பிப்ரவரியில், முன் பம்பரைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின்கள் (தகடுகள்) மடங்கிவிடும். பிறகு காற்றே போகாது. கூலன்ட் குறைந்தால் போர்த் தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்துங்கள். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்துவிடும். நிறுவனம் சொல்லும் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்.

எந்த எஞ்சின் என்று கேட்டால் எங்கள் தேர்வு, பணம் இடம் கொடுத்தால், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 3 லிட்டர் டர்போ பெட்ரோல். அதன் எஞ்சின் குறியீடு பி.எம்.டபிள்யூ.வில் பி58, மெர்சிடிஸில் எம்256. இந்த அமைப்பில் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை அதிர்வு விசைகள் இரண்டும் தாமாகவே ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. நாலு சிலிண்டரில் இரண்டாம்நிலை அதிர்வு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழலும் வேகத்தைப் போல இரு மடங்கில் வரும். அதை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற எதிரெடைத் தண்டு தேவை. ஆறு சிலிண்டர் எஞ்சினின் வழவழப்பை காசு கொடுத்து வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வோம். பி58-இல் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருப்பதால் காற்று போகும் பாதை குறுகியது. மிதித்ததும் பிக்கப் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இதன் ஆயில் கொள்ளளவு 6.5 லிட்டர். டேஷ்போர்டு இன்னும் 15,000 கி.மீ. போகலாம் என்று காட்டினாலும், நம் வெயிலுக்கும் தூசிக்கும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்லது.

வருடம் 20,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர், வாரா வாரம் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போகிறவர் டீசலை எடுக்கலாம். மெர்சிடிஸ் சி220டி காரின் 440 நியூட்டன் மீட்டர் டார்க் 1,800 ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது; மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அருமையான எஞ்சின். சேலத்துக்குள்ளேயே ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி, அங்கிருந்து ஜங்ஷன் என்று தினம் நாலைந்து கி.மீ. ஓட்டம் மட்டுமே உள்ளவர் டீசல் பக்கமே போக வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய 550, 600 டிகிரி சூடு வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது என்றால் இதுதான் நடக்கிறது. உடனே ஆயிலை மாற்ற வேண்டும்; டர்போ பேரிங் முதலில் போகும். ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர் பத்து நாளைக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் 70, 80 கி.மீ. வேகத்தில் நிறுத்தாமல் 25 நிமிடம் ஓட்டுங்கள். ஆட்புளூ (டீசல் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) குறைகிறது என்ற எச்சரிக்கையையும் தள்ளிப்போடாதீர்கள். முழுக்கத் தீர்ந்தால், நிறுத்திய கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

பெட்ரோல் டர்போவில் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மலையில் கியரை மேனுவலில் போட்டு, மைலேஜ் கிடைக்கும் என்று நாலாம் கியரில் 1,200 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு முழுக்க மிதிப்பது தவறு. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சினில் இப்படிச் செய்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை தீப்பிடித்து பிஸ்டனின் ரிங் பகுதியே உடையக்கூடும். இரண்டாம், மூன்றாம் கியரில் 2,000 முதல் 3,000 வரை வைத்து ஏறுங்கள்.

இறக்கத்தைப் பற்றி வாகனப் பக்கங்களில் யாரும் எழுதுவதில்லை. 2,000 கிலோ கார் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 6.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். டயரும் காற்றும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தை எஞ்சினோ பிரேக்கோ தாங்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் (காற்று நுழையும் கதவு) மூடிக்கொள்வதால் எஞ்சின் காரை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அப்படி மூடுகிற வேலை கிடையாது, இழுபிடி குறைவு. அதனால் டீசல் ஓட்டுகிறவர் இன்னும் ஒரு கியர் கீழே வைத்து இறங்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாத கார், தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போதும் ஏற்காட்டு இறக்கத்திலும் ஆபத்தானது.

இப்போது வரும் ஹைப்ரிட் எஞ்சின்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். மெர்சிடிஸ் சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸில் 2 லிட்டர் நாலு சிலிண்டரும் மின்மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன், பேட்டரி 6.1 யூனிட்தான். பேட்டரி நிரம்பிய நிலையில் மேலேயிருந்து புறப்பட்டால், இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலை ஏற்க இடமிருக்காது. மின்மோட்டார் தாங்க வேண்டிய சுமையும் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் போகும். பி.எம்.டபிள்யூ.வின் புதிய எம்5 வி8 ஹைப்ரிட் 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர், ஆனால் வெறும் எடையே 2,400 கிலோவைத் தாண்டுகிறது. பந்தயத் தடத்துக்கு அழகான எஞ்சின். எதிரே அரசுப் பேருந்து திரும்பும் ஏற்காட்டு வளைவில் அந்த எடையும் அகலமும் ஓட்டுநருக்குச் சுமை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அடிக்கடி போகிறவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எரிபொருளில், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கார் தகுதியானதா என்று கையேட்டிலும் டேங்க் மூடியின் உட்புற ஸ்டிக்கரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் ஆறேழு சதவீதம் குறையும். ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவீடு) கூடுவதால் நாக்கிங் குறைவது நன்மை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காருக்குப் பழைய பெட்ரோல் கூடாது.

கியர்பாக்ஸையும் சேர்த்தே எஞ்சினை எடைபோட வேண்டும். பேருந்தின் பின்னால் ஊர்ந்து ஏறும்போது, ஆயில் வழியாகப் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் தாங்கும். இரண்டு கிளட்ச்சுகள் மாறி மாறிப் பிடிக்கும் டூயல் கிளட்ச் வகை, உரசி உரசிச் சூடாகும். டூயல் கிளட்ச் காரில் இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கே நிறைய வருகின்றன. 2007 முதல் 2011 வரை வந்த பி.எம்.டபிள்யூ. 320டி, 520டி கார்களின் என்47 டீசலில் டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி) தேயும். செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் மாற்றுவது பெரிய வேலை. அதே நிறுவனத்தின் என்20 பெட்ரோலில் செயினைத் தாங்கும் கைடின் பிளாஸ்டிக் நொறுங்கும். ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் வந்த இஏ888 பெட்ரோல் எஞ்சினின் இரண்டாம் தலைமுறையில் பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிக்கும். பி.எம்.டபிள்யூ.வின் என்63 வி8-இல் டர்போக்கள் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதால் அந்தச் சூட்டில் வால்வு சீல்கள் இறுகி, ஆயில் புகை வரும்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும்; பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகட சத்தம் வந்தால் செயினைச் சந்தேகியுங்கள். ஸ்கேனர் போட்டு மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாமல் தவறுவது) எண்ணிக்கை, எரிபொருள் குழாயின் அழுத்தம் (ஃபியூயல் ரெயில் பிரஷர்), டீசலானால் டி.பி.எஃப்.பின் கரியளவு, சாம்பலளவு இரண்டையும் எடுங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது, சேர்ந்துகொண்டே போகும். சாம்பல் நிறைந்த ஃபில்டரை மாற்றவோ கழற்றிச் சுத்தம் செய்யவோ வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பிறகு நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, அடிவாரத்திலிருந்து சில வளைவுகள் ஏறி இறங்கிப் பாருங்கள்.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது உச்ச டார்க் எந்த ஆர்.பி.எம்.மிலிருந்து எதுவரை கிடைக்கிறது, காரின் எடை, கியர்பாக்ஸ் வகை, எத்தனால் தகுதி, ஆயில் தரமும் கொள்ளளவும் ஆகிய ஐந்து கட்டங்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்த விவரங்கள் நிறுவனங்களின் கையேட்டிலேயே இருக்கின்றன. இடம் போதாவிட்டால் 0–100 நேரத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உயர்ரகக் கார் எஞ்சின் வேலை செய்யும் மெக்கானிக்குகள் சிலர்,
ஐந்து ரோடு, சேலம்.