குழு அறிவிப்பு: தோல்வி பற்றிய விவாதம்

அனைவருக்கும் வணக்கம். நேற்றைய கால்பந்துப் போட்டியில் கிடைத்த தோல்வி எல்லோருக்கும் வலிக்கிறது. ஆனால் நம் அணியின் சென்டர் பேக்கைக் (நடுவில் நிற்கும் தடுப்பு வீரர்) குறிவைத்து வரும் வசவுகள் எல்லை மீறிவிட்டன. 1994 உலகக் கோப்பையில் சேம் சைடு கோல் போட்ட கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை மறக்க வேண்டாம்.

ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் பேசுவோம்.

1. நம் சென்டர் பேக்கைத் திட்டும் பதிவுகள், மீம்களை இன்று இரவுக்குள் நீக்கிவிடுங்கள்.
2. நாம் வாங்கிய இரண்டு கோல்களையும் மறுபடி முழுதாகப் பாருங்கள். முதல் கோலில் அவர் ஆளை விட்டது உண்மை. இரண்டாவதில் பந்து நடுக்களத்திலேயே பறிபோனது, ஃபுல் பேக்கும் (ஓரத்தில் நிற்கும் தடுப்பு வீரர்) மேலே ஏறியிருந்தார். ஒருவராக இருவரை எப்படித் தடுப்பார்?
3. விமர்சனம் தாராளமாகச் செய்யலாம், நிமிடத்தைக் குறிப்பிட்டு.

வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள்.

- அட்மின்