மலைநடைச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு சங்கம் செய்த வேலைகளையும், அந்த வேலைகளில் தெரியவந்தவற்றையும் சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு மாதாந்த நடைகளில் சிலவற்றைக் குறைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பாதை திருத்தத்துக்குக் கொடுத்தோம். நடை குறைந்துவிட்டதென்று சில அங்கத்தவர்கள் மனம் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்த முடிவு சரியென்றே சொல்வேன். இன்னும் இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டிருந்தால், தோட்டத்துக்கு மேலே காட்டோரமாகப் போகும் எமது பாதை ஓடையாகவே மாறியிருக்கும்.

பாதையும் கானும்

நம் மலைகளில் பாதையைத் தின்பது தண்ணீர்தான். பத்துப் பேர் நடந்து ஒரு வருடத்தில் கெடுப்பதை, வழி தெரியாமல் பாதைக்குள் இறங்கிய மழைநீர் ஒரே மாலையில் கெடுத்துவிடும். தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே, 120 அடி நீளத்துக்கு ஓர் அடி மட்டுமே இறங்கும்படி கான் (நீர் வடியும் வாய்க்கால்) வெட்டி, இடையிடையே மண் தங்கக் குழி விட்டு வைப்பது தோட்டத்து வழக்கம். தண்ணீர் மெல்லப் போகும், மண் குழியில் தங்கும், கொழுந்து மலை கரையாமல் நிற்கும். ஒற்றையடிப் பாதைக்கும் அதே அறிவுதான் வேண்டும். இவ்வருடம் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர்கள் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிகள். சங்கத்தின் நன்றி முதலில் அவர்களுக்குரியது.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தோம். பாதைக்கு நேர் குறுக்காகக் கான் வெட்டினோம். நேர் குறுக்காக வெட்டிய கானில் தண்ணீர் நின்றுவிடுகிறது. நின்ற தண்ணீர் மண்ணை இறக்கிவிடுகிறது. மண் நிறைந்ததும் அடுத்த மழை அதைத் தாண்டிப் பாதைவழியே ஓடுகிறது. பிறகு அவற்றையெல்லாம் சாய்த்து, பாதைக்கு ஏறக்குறைய 45 பாகையில் மாற்றி வெட்டினோம். ஆழம் ஒரு சாண். வாய் மட்டும் மற்ற இடத்தைவிட இரு மடங்கு அகலம். வெட்டிய மண்ணைக் கானின் கீழ்ப்பக்கத்தில் போட்டு மிதித்து வரம்பாக்க வேண்டும். மேல்பக்கத்தில் போட்டால் முதல் மழையே அதைத் திரும்பக் கானுக்குள் கொண்டுவந்துவிடும். இலேசான சரிவில் 40 மீற்றருக்கு ஒன்று போதும். செங்குத்தான இடத்தில் 15 மீற்றருக்கு ஒன்றாவது வேண்டும். வரம்புக்குச் சவுக்குக் கட்டை வைத்த இடங்களில் கட்டை சீக்கிரமே உக்கிவிட்டது. கருங்கல் வைத்தவை அசையவில்லை. கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும்; வெளியே தெரியும் பங்கு சிறியதாக இருந்தால்தான் நடப்பவர் கால் அதை உதைத்துப் பெயர்க்காது.

வெட்டாத கானைவிட, வெட்டிய பின் பார்க்கப்படாத கான் மோசம். ஒரு கானின் வாயில் கண்டதைச் சொல்கிறேன். காய்ந்த சவுக்கு இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பாய் பின்னியதுபோல் இறுகிக் கிடந்தன. அதன் பின்னால் கோப்பித்தூள் போல மெல்லிய வண்டல், இரண்டு விரல் கனம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டொபித் தாள், மூடி போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தது. அவ்வளவுதான் அடைப்பு. அதைத் தாண்டிய தண்ணீர் பாதை நடுவில் மணிக்கட்டு ஆழத்துக்கு வாய்க்கால் பறித்திருந்தது. இலையை வாரி எடுக்க ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. பறித்த வாய்க்காலை மூட மூன்று பேருக்கு அரை நாள் போனது. அதனால்தான் சொல்கிறேன்: நடைக்கு வரும் ஒவ்வொருவரும் தாம் கடக்கும் கானின் வாயைக் காலாலோ கைத்தடியாலோ ஒரு தரம் வாரிவிட்டுப் போங்கள்.

குறுக்குப்பாதை பற்றி நிர்வாக சபையில் நீண்ட விவாதம் நடந்தது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வளைவைத் தவிர்த்து நேரே இறங்கும் தடம்தான் அடுத்த மழைக்கு ஓடையாகிறது. காட்டுக்குள் அப்படி விழுந்த தடங்களைக் காய்ந்த கிளையும் கல்லும் போட்டு மேல் முனை, கீழ் முனை இரண்டிலும் மறைத்தோம். கீழ் முனையை மட்டும் மறைத்தால் பயனில்லை. இறங்கி வருகிறவர் மேலேயே அதற்குள் புகுந்துவிடுவார். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், பாடசாலைக்கும், கோயிலுக்கும் போகும் குறுக்குகளை நாம் அடைக்கவில்லை, அடைக்கவும் கூடாது. அவை அந்த மக்களுடைய அன்றாட வழி. அவற்றில் படி கட்டிக் கொடுத்தோம்: உயரம் 6 முதல் 7 அங்குலம், கால் வைக்கும் இடம் குறைந்தது ஓர் அடி, தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் சற்றே சாய்வு. தலையில் கொழுந்துச் சாக்கோடு இறங்கும் ஒருவருக்கு 9 அங்குலப் படி முழங்காலைக் கொல்லும்.

நீர்நிலைகள்

மலைநாட்டில் நாம் ஏரியென்று போய்ப் பார்ப்பவை பெரும்பாலும் மனிதர் கட்டியவை. நுவரெலியா கிரகரி ஏரி 1873ஐச் சேர்ந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ 1965ஆம் ஆண்டினது, மஸ்கெலிய ஓயாவை மறித்த மவுசாகலை 1969ஆம் ஆண்டினது. மேல் கொத்மலை 2012இல் வேலை தொடங்கியது. எல்கடுவைக்கு மேலே செம்புவத்தையும் ஊற்றுநீரைத் தேக்கிய இடமே. இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டிய நீர்த்தேக்கத்தின் கரை ஒரே இடத்தில் நிற்காது. அங்கே நடப்பவருக்கு வரும் ஆபத்தெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தை கழிந்து சித்திரை வரை மவுசாகலையில் தண்ணீர் வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் இடிபாடுகளும் வெளியே தெரியும். பார்க்க ஆசைப்படாதவர் எவருமில்லை. நம்மில் பலருக்கு அது பாட்டன் பாட்டி நடந்த தெரு. ஆனால் வற்றிய கரையின் மண் மேலே வெடித்துக் காய்ந்து ஓடுபோல் இருக்கும், அடியில் களி. ஓடு ஆளைத் தாங்குவதுபோல் தாங்கி, தண்ணீரை நெருங்கியதும் உடையும். முழங்கால்வரை புதைந்தவர் காலை மேலே இழுக்க இழுக்க, அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, காலைச் சுற்றிக் கையால் களியைத் தோண்டிக் காற்றுப் போக விட்டு, ஒரு காலாக மெல்ல எடுக்க வேண்டும். கைத்தடியை ஓங்கிக் குத்திப் பாருங்கள். ஓடு உடைந்து தடி ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்த இடத்திலிருந்து வந்த தடத்திலேயே திரும்புங்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

அணைக்குக் கீழே ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைச் சங்கம் நிறுத்திவிட்டது. மேலே பெய்த மழைக்கு வான்கதவு திறந்தால், கீழே வெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வரும். சைரன் கேட்டதும் பையைத் தேடாமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

குடிநீர் விடயத்திலும் ஒரு திருத்தம். தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மலைக்கு அடித்த களைநாசினி போகாது. ஆளுக்கு 2 லீற்றர், சரிவான வெயில் நடைக்கு 3 லீற்றர் வீட்டிலிருந்தே சுமக்க வேண்டும்.

காட்சிமுனைகளும் நேரமும்

ஹோட்டன் சமவெளியின் பாறை விளிம்பான உலக முடிவில் நின்று, வெள்ளைப் பஞ்சுபோன்ற மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். பள்ளத்தாக்கில் சூடேறிய ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாவதால், காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் முனை மூடிவிடும். ஹோட்டன் சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உலக முடிவின் பாறை ஏறக்குறைய 880 மீற்றர் இறங்குகிறது. சுற்றுப்பாதை முழுவதும் 9 கிலோமீற்றர் சொச்சம். வாயில் திறந்ததும் நுழைந்து, முதலில் உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற ஒழுங்கில் நடந்தால் இரண்டும் கிடைக்கும். பொலித்தீன் பைகளை வாயிலில் எடுத்துவிடுவார்கள்; சோற்றை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். மரைகளுக்குத் தீன் கொடுக்க வேண்டாம். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய மரை, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது.

தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு ஏறுவதும் அப்படித்தான்: தொழிற்சாலையிலிருந்து 7 கிலோமீற்றர், விடிய முன் புறப்பட வேண்டும்.

நேரக் கணக்குக்கு இந்த ஆண்டு முதல் ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம். குழுவாக நடக்கும்போது மணித்தியாலத்துக்கு 3 கிலோமீற்றர். அதோடு ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம். கிரிகல்பொத்தையை எடுத்துக்கொள்வோம். 2,388 மீற்றர், இலங்கையின் இரண்டாவது உயரமான மலை. முதலாவதான பிதுருதலாகலையில் கால்நடையாக ஏற அனுமதி இல்லாததால், நடந்து ஏறக்கூடியவற்றில் இதுவே உயர்ந்தது. ஒரு வழி சுமார் 7 கிலோமீற்றர், நிகர ஏற்றம் 300 மீற்றருக்குக் கிட்ட. போக 3 மணித்தியாலம் 20 நிமிடம், வர இரண்டரை, ஓய்வோடு 7 மணித்தியாலம் என்று வைக்க வேண்டும். தூரம் குறைவென்று எண்ணி 10 மணிக்குப் புறப்பட்டவர், சதுப்புப் பாதையில் இருட்டுக்குள் டோர்ச் வெளிச்சத்தில் தடம் தேடுவார். நம் நாட்டில் எந்த மாதத்திலும் மாலை ஆறரைக்குப் பின் சூரியன் இல்லை; கார்த்திகையில் ஆறுக்கு முன்பே போய்விடும்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை வழமை. அந்த மாதங்களில் நண்பகல் 12 மணி திரும்பும் நேரம், சிகரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக எண்ணினால் முகட்டை விட்டு இறங்கி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். தனி மரத்தடி வேண்டாம்.

பருவத்தைப் பார்த்து மலையைத் தெரிவுசெய்வது நம் நாட்டவருக்குக் கிடைத்த வசதி. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டனும் நுவரெலியாவும் நனையும்போது அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பக்கம் காய்ந்து கிடக்கும். மார்கழி, தையில் நக்கில்ஸின் கிழக்குச் சரிவும் பதுளைப் பக்கமும் நனையும். காய்ந்த ஊவாவில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றோடு மானாப்புல் தீப்பற்றினால் ஓடித் தப்புவது கடினம். தீ ஏற்றத்தில் நம்மைவிட வேகமாக ஏறும். ஆடி முதல் புரட்டாதி வரை அங்கே அடுப்போ சிகரட்டோ கூடாது என்பது சங்கத்தின் கட்டாய விதியாக்கப்பட்டுள்ளது.

அட்டை, குளவி, கட்டுத்துவக்கு

அட்டைக்கு முழங்கால்வரை நெருக்கமாக நெய்த பருத்தி உறை போதும்; வெளியே சவர்க்காரத்தைக் காயத் தேய்த்துவிட்டால் ஏறாது. கடித்ததை நெருப்பால் சுடாதீர்கள். நகத்தை அதன் மெல்லிய முனையின் கீழ் செருகித் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசியும். துணி வைத்து அழுத்தினால் நிற்கும்.

குளவி விடயம் சிறியதல்ல. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகாத வருடமே இல்லை. பாறை விளிம்பிலோ மரக் கிளையிலோ கூடு தெரிந்தால் வாசனைத் தைலம், புகை, சத்தம் ஒன்றும் வேண்டாம். கூட்டம் கிளம்பினால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு நேராக விலகி ஓடுங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், தலைச்சுற்று கண்டால் 1990 அம்புலன்சுக்கு உடனே அழையுங்கள்.

காட்டோரங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், கம்பி தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் இன்னும் இருக்கின்றன. சிறுத்தைகள் அந்தக் கம்பிகளில் சாகின்றன. பாதையை விட்டு விலகாமல் நடப்பதே நமக்குப் பாதுகாப்பு. கம்பி கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

மண்சரிவு

நடைக்கு முன்னைய நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்ப்பது செயலாளரின் கடமை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது விழிப்பாக இருக்கும் அளவு, 100 எச்சரிக்கை, 150 வெளியேறும் அளவு. 75 தாண்டினால் நடை கிடையாது. நேர்ப்பக்கமுள்ள பால்மா டின்னை வெளியில் வைத்து, விழுந்த தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் மில்லிமீற்றர் கணக்கு கிடைக்கும். டின்னின் அகலம் எதுவானாலும் கணக்கு மாறாது. லயங்களில் உள்ள அங்கத்தவர்கள் இதைத் தினமும் எழுதிவைத்தால் சங்கத்துக்கும் உதவி, அயலவருக்கும் உதவி. ஊற்று திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, மேட்டில் புது வெடிப்போ சாய்ந்த மரமோ தெரிந்தாலோ, மழை நின்றிருந்தாலும் அந்தச் சரிவுக்குக் கீழே நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

சபையின் அனுமதிக்கு

ஒரு தோட்ட நிர்வாகம் தன் எல்லைக்குள் போகும் பாதையை இவ்வருடம் முன்னறிவிப்பின்றி மூடியது. எழுத்தில் அனுமதி பெறாமல் வாய்ச் சொல்லில் நடந்தது நம் பிழையும்தான். இனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் வருட ஆரம்பத்திலேயே, நாளும் ஆட்களின் எண்ணிக்கையும் குறித்துக் கடிதம் கொடுப்பதாக முன்மொழிகிறேன். நக்கில்ஸ் நடைக்கு வன பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் எவரும் சங்கத்தின் பெயரில் போகக்கூடாது.

கருவிகள் பொது மண்டபப் பின்னறையில் உள்ளன. ஒரு அலவாங்கின் முனை மழுங்கிவிட்டது, பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். மண் கிளறும் முள்ளு இரண்டுக்குப் பிடி மாற்ற வேண்டும். மண்வெட்டி போதாது. தென்மேற்கு மழை வைகாசியில் தொடங்கும் முன், சித்திரை மூன்றாம் ஞாயிறு கான்களைத் துப்புரவாக்கும் நாளாக வைக்க நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. காலை 7 மணிக்கு மண்டபத்தில் கூடுவோம். முடிந்தவர்கள் வீட்டு மண்வெட்டியைக் கொண்டுவரவும்.

இவ்வண்ணம்,
செயலாளர்