அன்னதானக் கூடத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயிலுக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த அன்னதானக் கூடத்தை எடுத்துக் கட்டி, மாலை வகுப்புக்கு விடும் வேலை வைகாசியோடு முடிந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் கை வைத்தோம். வரவு செலவுத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதனால் இங்கே தொகைகளை அடுக்கவில்லை. மதிப்பீட்டைத் தாண்டியது எங்கே, ஏன் என்பதை மட்டும் சொல்கிறோம்.

கூரையில்தான் முதல் அடி. விட்டத்தைத் தட்டினால் பொலபொலவென்று மண் கொட்டியது, உள்ளே முழுக்கக் கரையான். மரம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று இரும்புக் குழாய் வைத்து, நல்ல ஓடுகளைப் பொறுக்கித் திரும்ப வேய்ந்தோம். தரை, ஃபேன், லைட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெயிண்ட் அடித்தது இங்கே படிக்கும் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளின் அப்பாக்கள். அவர்களில் பலருக்கு அதுதான் தொழில். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தார்கள், கூலி வாங்க மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் கதவு. மதிப்பீட்டில் இல்லாதது, பொதுக்குழுவில் கேட்காமல் செய்தது, கோபப்படுபவர்கள் கோபப்படலாம். கூடத்துக்கு ஒரே வழி கோயில் பிராகாரம் வழியாகத்தான் இருந்தது. முகாமில் வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகும் குடும்பங்களும் உண்டு, சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலும் தறிப்பட்டறையிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களில் முஸ்லிம்களும் உண்டு. முதல் வாரம் ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, கொடிமரத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே திரும்பிப் போனார். மறு வாரம் மேற்குச் சுவரை உடைத்துத் தெருப்பக்கம் ஒரு கதவு வைத்தோம். இந்தத் திருப்பணியில் உருப்படியாகச் செலவான காசு அதுதான் என்பது செயலாளரின் கருத்து. பொருளாளர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்வெட்டு விஷயம் எங்கள் தப்பு. 'அகதி மாணவர் கல்விக் கூடம்' என்று கல்லில் வெட்டி வாசலில் பதித்துவிட்டோம். பவளத்தானூர், குருக்குப்பட்டி முகாம்களைத் தெரியாதவர் இந்தப் பக்கம் யாருமில்லை. 2021 ஆகஸ்டிலேயே அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிவிட்டதும் செய்தியில் வந்ததுதான். இருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் சேலம் பெரியாஸ்பத்திரியில பொறந்தேன். எங்கம்மாவும் இங்கதான் பொறந்தாங்க. நாங்க எங்கருந்து ஓடி வந்தோம்?" என்றாள். 1983 கலவரத்துக்குப் பிறகும் 1990லும் கடல் கடந்து வந்தவர்களின் பேத்தி அவள். கல்லைப் பெயர்த்துக் குழாயடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். நன்கொடை தந்தவரிடம் நேரில் போய்ச் சொன்னோம், பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

அவள் கேட்டதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். முகாம் பையன்கள் பத்தாம் வகுப்போடு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது படிப்பு வராமல் இல்லை. "படிச்சாலும் கவர்மெண்ட் வேலை கிடையாதே" என்ற கணக்குதான். நம் கூடத்தால் அதை மாற்ற முடியாது. பிளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரிக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம், அவ்வளவுதான்.

வடமாநிலப் பிள்ளைகள் கதை வேறு. பீகாரிலிருந்து வந்த 11 வயதுப் பையனை ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். தமிழ் தெரியாதாம், டி.சி.யும் இல்லையாம். 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியால் ஈடுகட்டச் சொல்கிறது. டி.சி. வரத் தாமதம் என்பதையோ வயதுச் சான்று இல்லை என்பதையோ காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. சட்டத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மூன்று முறை போனோம். சண்டை எதுவும் இல்லை. தலைமையாசிரியருக்கும் அந்த விதி அப்போதுதான் கண்ணில் பட்டது போலிருந்தது. பையன் இப்போது ஆறாம் வகுப்பு. திருப்பூரிலிருந்து மாறி வந்த ஒரு பிள்ளைக்கோ, பழைய பள்ளி எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடாததால் இங்கே ஏற்ற முடியவில்லை. போன் மேல் போன் போட்டுத்தான் நடந்தது. கூரை வேய்ந்ததைவிட இதற்கு அதிக நாள் பிடித்தது.

அந்தப் பீகார்ப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கில் கெட்டி, எழுத்து மட்டும் முரண்டு பிடித்தது. ஒரு நாள் 'பம்பரம்' என்று பலகையில் எழுதினோம். முதல் 'ப'வைக் காட்டி ஒரு சத்தம், அடுத்த 'ப'வைக் காட்டி வேறு சத்தம் சொல்லிவிட்டு, ஏதோ தப்பு என்பதுபோல் நம்மைப் பார்த்தான். அவன் ஊர் எழுத்தில் அந்த இரண்டு சத்தத்துக்கும் இரண்டு எழுத்து. நாமோ 'ம்'முக்குப் பின்னால் வந்தால் ஒலி தானாகக் குழையும் என்று யோசிக்காமலே படித்துவிடுகிறோம். முகாம் பெண்தான் ஒரு நிஜப் பம்பரத்தைக் கொண்டுவந்து சுற்றிவிட்டு, 'தம்பி', 'கம்பு', 'பாம்பு' என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 30 வருட அனுபவம். அவருக்கே அது தோன்றவில்லை.

கோயில் காசை வெளியாட்களுக்கு ஏன் செலவு செய்தீர்கள் என்று நான்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். அன்னதானக் கூடம் கட்டிய நம் தாத்தாக்கள் பந்தியில் ஊர் கேட்டுச் சோறு போட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளும் அதே பாயில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மிச்சமாக ஐந்து மூட்டை சிமெண்ட் இருக்கிறது, கழிவறைத் தொட்டிக்கு வைத்திருக்கிறோம். ஆடிப் பண்டிகை நாட்களில் வகுப்பு கிடையாது. சாவி இரண்டு: ஒன்று பூசாரியிடம், தெருக்கதவுச் சாவி வகுப்பு எடுக்கும் அக்காவிடம். செவ்வாயும் வியாழனும் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை. முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இந்தி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு