ஸ்டுடியோ வேலைக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ரெக்கார்ட் நிறுவனத்தின் பழைய பாட்டுகளில் கேட்கிற பேஸ் ஒலி உன் பேஸ் கிட்டாரில் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். ஸ்டுடியோவில் கூப்பிட்டால் கூலி, பங்கு பற்றி என்ன பேசிக்கொண்டு போவது என்றும் கேட்டாய். இரண்டுக்கும் அந்தப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒலி. அவர் கையிலிருந்தது 1962 மாடல் ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் கிட்டார். லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் தந்தி, அதாவது தட்டைக் கம்பி சுற்றியது, கனம் 52, 73, 95, 110. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு அது. நீ வாங்குகிற சாதாரண செட் 45-இல் தொடங்கி 105-இல் முடியும். அறுந்தால் ஒழிய அவர் தந்தி மாற்றியதில்லை. கை எண்ணெயும் அழுக்கும் ஏறஏற மேல் ஒலிகள் அடங்கி, அடிச்சுரம் மட்டும் உருண்டு திரண்டு நிற்கும். தந்திகளைக் கீழ்முனையில் தாங்குகிற பிரிட்ஜின் மூடிக்கு உள்ளே தந்தியைத் தொட்டபடி ஒரு ஸ்பாஞ்ச் துண்டு இருக்கும். மீட்டிய சுரம் இழுத்துக்கொண்டு போகாமல் சட்டென்று அடங்கும். காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கு இடம் கிடைக்கும். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்றுதான். நிறுத்தி வாசிக்கிற பெரிய டபுள் பேஸில் பழகிய கை அது. 1964-இல் வந்த ‘மை கை’ பாட்டில்கூட அவர் வாசித்தது டபுள் பேஸ்தான். விரல் அழுத்தாத திறந்த தந்தியை வழியில் தொட்டுவிட்டு அடுத்த சுரத்துக்குத் தாவுகிற அந்த நடையும் அங்கிருந்து வந்ததே. டெட்ராய்ட் ஸ்டுடியோவில் பேஸை ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் போட்டு மைக் வைக்கவில்லை, நேராக ரெக்கார்டிங் கன்சோலில் சொருகினார்கள்.

நீ செய்யும்போது தவறுவது இங்கேதான். கனமான தந்தியை அப்படியே மாட்டினால் கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் நட்டின் பள்ளத்தில் அது இறங்காது, மேலேயே உட்காரும். கழுத்தின் குறுக்கே பதித்த கட்டுகளில் முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிவிடும். பள்ளத்தை அகலப்படுத்தியாக வேண்டும். நீயே அராவாதே, ஒரு இழுப்பு அதிகமானாலும் நட்டையே மாற்ற வேண்டி வரும். கூடுதல் இழுவையில் நெக், அதாவது கழுத்து, முன்னால் வளையும். அதை நிமிர்த்த உள்ளே இருக்கிற ட்ரஸ் ராட் கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி திருப்பு. பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி பார்த்து பிரிட்ஜைச் சரிசெய். ஸ்பாஞ்சை நான்கு தந்தியையும் சமமாகத் தொடுகிற உயரத்தில் வெட்டு. உயரம் கூடினால் சுரமே கேட்காது, ‘தொப்’ என்ற சத்தம்தான் மிஞ்சும்.

இனி பிழைப்பு. ஜேமர்சன் 1959 வாக்கில் மோட்டவுனில் சேர்ந்தார். எத்தனையோ பாட்டுகளுக்கு அவர் முன்னால் இருந்தது கார்ட் என்கிற சுரக்கூட்டுகளின் பெயர் மட்டும் எழுதிய தாள். பேஸ் வரியை அங்கேயே உட்கார்ந்து அவர்தான் கட்டினார். ஆனால் பாட்டின் உரிமை என்பது மெட்டுக்கும் சொல்லுக்கும்தான். பேஸ் வரி எவ்வளவு புகழ் பெற்றாலும் அது வாசிப்பு, வாசிப்புக்குக் கூலி, அத்துடன் கணக்கு முடிந்தது. ரெக்கார்ட் உறையில் வாசித்தவர் பெயர் அச்சாகவே 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972-இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெயர்ந்தது, அவரும் பின்னாலேயே போனார். அங்கே புதுத் தந்தியின் பளீர் ஒலிக்குக் காலம் வந்துவிட்டது. அவர் தன் ஒலியை மாற்றிக்கொள்ளவில்லை, குடியும் கூடியது. 1983 ஆகஸ்டில் இறந்தபோது வயது 47. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ரெக்கார்ட் நிறுவனத்தில் பேஸ் வாசித்த டக் டன்னுக்கு நிலைமை வேறு. ஸ்டாக்ஸில் பாடகர்களுக்கு வாசித்த அதே நால்வர் புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற பெயரில் சொந்தத் தட்டும் போட்டார்கள். 1967-இல் வந்த ‘ஹிப் ஹக்-ஹர்’ இயற்றியவர்கள் என்று நால்வர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பங்கு கூலியில் சேராது, பாட்டு ஓடுகிற வரை வரும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொரு பேஸ் வாசிப்பாளர் டேவிட் ஹூட் போனது. 1969-இல் அவரும் மற்ற மூவரும் ஃபேம் ஸ்டுடியோவின் வேலையை விட்டு, அலபாமாவில் ஷெஃபீல்டில் ஜாக்சன் நெடுஞ்சாலை 3614-ஆம் எண் கட்டடத்தில் சொந்த ஸ்டுடியோ போட்டார்கள். வாசிப்பவரே முதலாளி. பாட்டுப் பதிப்பகமும் வைத்தார்கள். ‘ஐ’ல் டேக் யூ தேர்’ பாட்டில் பேஸ் தனியாக நடக்கிற இடத்தில் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் ‘லிட்டில் டேவிட்’ என்று கூப்பிடுகிறாரே, அது இவரைத்தான். அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவை கேள். எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று பார்.

உனக்கு வேண்டிய கணக்கு இது. அமெரிக்காவில் இசைக்கலைஞர் யூனியன் விதிப்படி ஒரு ரெக்கார்டிங் செஷன் என்றால் மூன்று மணி நேரம், அதில் பதினைந்து நிமிட இசை வரைதான் வைத்துக்கொள்ளலாம். மீறினால் கூடுதல் கூலி. குழுவுக்குத் தலைமை ஏற்பவருக்கு இரட்டைக் கூலி. அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலி வாசித்தவருக்கு இன்றும் ஒரு காசு தருவதில்லை. இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் தருகின்றன. அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பின்னணியில் இருப்பவர்களுக்கு: இரண்டரை வாத்தியக்காரர்களுக்கு, இரண்டரை பாடகர்களுக்கு. ஆட்களைக் கண்டுபிடிப்பது செஷன் அறிக்கையையும் உறைக் குறிப்பையும் பார்த்துத்தான். அறிக்கையில் உன் பெயர் இல்லையென்றால் அந்தப் பங்கு உன்னைத் தேடி வராது.

அதனால் பேஸைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பாட்டின் தற்காலிகத் தலைப்பு, உன் பெயரின் எழுத்து எல்லாம் சரியா என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள். வரியை நீயே கட்டியிருந்தால் பங்கு பற்றி ரெக்கார்டிங்குக்கு முன்னால் பேசிவிடு.

ஸ்பாஞ்சுக்கு பாத்திரம் துலக்குகிறது போதும், பச்சை நார் ஒட்டாததாக வாங்கு.

அன்புடன்,
அப்பா